கையில் எடுத்த கல்லும் அது கிடந்த இடமும்: கற்காலக் கருவிகளை அடையாளம் கண்டு பதிவு செய்வது எப்படி?

2000ஆம் ஆண்டு நவம்பர் 5 அன்று ஜப்பானின் மைனிச்சி நாளிதழ் சில படங்களை வெளியிட்டது. நாட்டிலேயே மிகப் பழமையான கற்கருவிகளைத் தொடர்ந்து கண்டெடுத்துப் புகழ்பெற்றிருந்த ஒருவர், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில் அகழாய்வுக் களத்தில் குழி தோண்டி, தானே கொண்டுவந்த கற்களைப் புதைப்பது அவற்றில் தெளிவாகத் தெரிந்தது. அவர் புதைத்த கற்களில் பெரும்பாலானவை போலி அல்ல. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, ஜப்பானின் தொல்பழங்காலத்தில் பிற்பட்ட கட்டமான ஜோமோன் கால மனிதர்கள் செய்த உண்மையான கருவிகள்தான். அவற்றை லட்சக்கணக்கான ஆண்டு பழைய மண்ணடுக்கில் செருகியதுதான் மோசடி. பின்னர் பாடநூல்கள் திருத்தப்பட்டன. ஜப்பானின் ஆதி மனித வரலாறு என்று அதுவரை எழுதப்பட்டிருந்ததில் பெரும்பகுதி அழிக்கப்பட்டது.

கல் உண்மை, இடம் பொய். அந்த ஒன்றே ஒரு நாட்டின் தொல்வரலாற்றைக் குலைக்கப் போதுமானதாக இருந்தது. கற்கருவிகளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கல்லைத்தான் பார்க்கிறோம். அதன் அழகு, கூர்மை, வயது, யார் செய்தார்கள் என்றெல்லாம் கேட்கிறோம். அது எங்கே, எந்த மண்ணில், எதன் பக்கத்தில் கிடந்தது என்று கேட்பவர்கள் குறைவு. இந்தக் கட்டுரை இரண்டையும் பற்றியது. இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால் தயங்காமல் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஆனால் முதலாவது தெரியாமல் இரண்டாவதற்குப் போக முடியாது.

மனிதன் உடைத்த கல் எப்படி இருக்கும்?

சிக்கிமுக்கிக் கல் என்பது மிக நுண்ணிய சிலிக்காப் படிகங்களால் ஆனது. சுண்ணப் பாறைகளுக்குள் கட்டி கட்டியாகவும் பட்டை பட்டையாகவும் உருவாகிறது. மரத்தில் இருப்பதுபோல இழையோட்டம் எதுவும் இதில் கிடையாது. அதனால் அடித்தால் பாறையின் விருப்பப்படி உடையாமல், அடித்தவர் விசை செலுத்திய திசையிலேயே உடைகிறது. எரிமலைக் கண்ணாடி, சிக்கிமுக்கிக்கு நெருங்கிய உறவான செர்ட் போன்றவையும் இதே குணம் உள்ளவை. இந்தக் கற்கள் கிடைக்காத இடங்களில் மக்கள் மணற்பாறை இறுகி மாறிய குவார்ட்சைட்டையும் வெங்கச்சங்கல்லையும் பயன்படுத்தினார்கள். 1863 மே 30 அன்று புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கைக்கோடரி குவார்ட்சைட்டால் ஆனது. அதில் உடைப்பின் அடையாளங்கள் சற்று மங்கலாகத்தான் தெரியும். சிக்கிமுக்கிக் கல்லில் அவை அச்சுப் பதித்ததுபோலத் துலங்கும். கற்கருவிகளைப் படிக்கப் பழகுபவர்கள் பெரும்பாலும் அதில் தொடங்குவதற்கு இதுதான் காரணம்.

ஒரு கல்லின் விளிம்பில் இன்னொரு கல்லாலோ மான்கொம்பாலோ ஓங்கித் தட்டினால், அடிபட்ட புள்ளியிலிருந்து விசை கூம்பாக விரிந்து பரவுகிறது. பிரிந்து விழும் துண்டைச் சில்லு என்கிறோம். அந்தச் சில்லின் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அடி விழுந்த சிறிய தட்டையான பரப்பு ஒரு முனையில் எஞ்சியிருக்கும். அதற்கு நேர் கீழே குமிழ் மாதிரி ஒரு புடைப்பு இருக்கும். புடைப்பின் மேலேயே சின்னதாக ஒரு செதில் பெயர்ந்த தழும்பும் சில சமயம் காணப்படும். அங்கிருந்து, குளத்தில் கல்லெறிந்தால் எழும் அலைகள்போல வளைந்த வரிகள் விரிந்துகொண்டே போகும். அலைகள் எந்தப் பக்கம் குவிகின்றனவோ அந்தப் பக்கத்திலிருந்துதான் அடி விழுந்தது. சில்லின் வெளிப்பக்கத்தில், அதற்கு முன்பு பெயர்க்கப்பட்ட சில்லுகளின் தழும்புகளும் அவற்றுக்கு இடையே வரப்புகளும் தெரியும். இந்தத் தழும்புகளில் எது முந்தியது, எது பிந்தியது என்று பார்த்துக்கொண்டே போனால், அந்த மனிதர் எந்த வரிசையில் யோசித்தார் என்பது வரை சொல்லிவிடலாம். கற்கால ஆய்வில் என்னை எப்போதும் வியக்க வைப்பது இந்த இடம்தான். எழுத்து தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பு வாழ்ந்த ஒருவரின் முடிவுகள், எடுத்த வரிசைப்படியே நம் கையில் இருக்கின்றன.

சில்லை அப்படியே கத்தியாகப் பயன்படுத்தியதும் உண்டு. பல சமயம் விளிம்பைச் சின்னச் சின்னதாக மறுபடி செதுக்கி வடிவம் கொடுத்திருப்பார்கள். ஒரே அளவில், ஒரே கோணத்தில், ஒரே பக்கமாக வரிசையாக அமைந்த இந்தச் சிறு தழும்புகளை மறுசெதுக்கல் என்று சொல்லலாம். தோலைச் சுரண்டும் சுரண்டி, துளையிடும் கருவி, அம்புமுனை என்று ஒரு சில்லுக்குப் பெயர் கிடைப்பது இந்த மறுசெதுக்கலை வைத்துத்தான்.

இயற்கை செய்யும் போலிகள்

சரி, குமிழும் அலையும் இருந்தால் அது மனிதன் செய்ததுதானா? இந்தக் கேள்விதான் இந்தத் துறையில் நீண்ட சண்டைகளை உருவாக்கியது.

உறைபனி கல்லை உடைக்கும். அப்படி உடைந்தால் வட்டமான, ஆழமற்ற பள்ளம் விழும். வரிகள் பள்ளத்தின் நடுவிலிருந்து வட்டமாகச் சுற்றியிருக்கும். விளிம்பில் அடிபட்ட புள்ளி இருக்காது. இதை எளிதாகப் பிரித்துவிடலாம். ஆற்றில் உருண்ட கற்களும் கடலோரக் கூழாங்கற்களும் ஒன்றோடொன்று மோதிச் சில்லுகளை உதிர்க்கும். அவற்றில் குமிழ்கூட இருக்கும். ஏர்க்கொழுவும் டிராக்டரும் விளிம்புகளை ஒழுங்கில்லாமல் கடித்து வைக்கும். அந்தத் தழும்புகள் மற்ற பரப்பைவிடப் புதுநிறமாக இருக்கும், பல நேரம் இரும்புத் துருவின் கீற்றும் அருகில் காணப்படும். ஜப்பான் மோசடியை மறுஆய்வு செய்தவர்களுக்கு உதவியதும் இந்தத் துருக் கீற்றுகள்தான். லட்சக்கணக்கான ஆண்டுகளாக ஆழத்தில் அசையாமல் கிடந்ததாகச் சொல்லப்பட்ட கல்லில் உழவுக் கருவியின் இரும்பு எப்படி உரசியிருக்க முடியும்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பெஞ்சமின் ஹாரிசன் என்பவர் மிகப் பழைய சரளைக் கற்களுக்கு நடுவே முரட்டுத்தனமாக உடைந்த கற்களைச் சேகரித்தார். இவை கைக்கோடரிகளுக்கும் முந்திய மனிதர்களின் கருவிகள் என்று அவர் நம்பினார். பெரிய அறிஞர்கள் சிலரும் நம்பினார்கள். 1905இல் பிரெஞ்சு ஆய்வாளர் மார்செலின் பூல், மாந்த் நகருக்கு அருகே இருந்த சிமென்ட் ஆலையில் சுண்ணப் பாறையைக் கலக்கும் இயந்திரத்துக்குள் சிக்கி வெளிவந்த கற்களைக் காட்டினார். ஹாரிசனின் கருவிகளைப் போலவே அவை இருந்தன. வாதம் உடனே முடியவில்லை, ஆனால் அதன் அடித்தளம் ஆட்டம் கண்டது. 2016இல் இன்னொரு ஆச்சரியம் வந்தது. பிரேசிலின் செர்ரா டா கபிவாரா பூங்காவில் கபுச்சின் குரங்குகள் கல்லைக் கல்லில் மோதுகின்றன. அப்போது கூரான சில்லுகள் உதிர்கின்றன. அந்தச் சில்லுகளைக் குரங்குகள் எதையும் வெட்டப் பயன்படுத்துவதில்லை. அவற்றுக்கு அவை தேவையே இல்லை. ஆனால் மண்ணில் தனியாகக் கிடைத்திருந்தால் அவற்றை ஆதிமனிதக் கருவி என்றே பலரும் எழுதியிருப்பார்கள்.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: ஒரு கல்லில் உள்ள ஓர் அடையாளம் எதையும் நிரூபிக்காது. பல தழும்புகள் ஒரே நோக்கத்தில் அமைந்திருக்கின்றனவா, ஒரே இடத்தில் கருக்கல் (சில்லுகள் பெயர்க்கப்பட்ட மூலக்கல்), சில்லு, கழிவு, முடித்த கருவி எல்லாம் சேர்ந்து கிடைக்கின்றனவா, அந்தக் கல் அந்த மண்ணுக்கே உரியதா அல்லது வெளியிலிருந்து தூக்கி வரப்பட்டதா என்று பார்க்க வேண்டும். முதல் கேள்விக்குத்தான் கல்லிடம் பதில் இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் இடத்திடம்தான் கேட்க வேண்டும்.

மனிதர்கள் செய்தவையாகவே இருந்தாலும் எல்லாமே கற்காலத்தவை அல்ல. பழைய துப்பாக்கிகளில் பொறி பறக்கவைத்த சதுரக் கற்களை இங்கிலாந்தின் பிராண்டன் ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க ஏராளமாகச் செய்தார்கள். துருக்கி, சைப்ரஸ் பகுதிகளில் கதிரடிக்கும் பலகைகளின் அடியில் வரிசையாகச் சிக்கிமுக்கிச் சில்லுகளைப் பதித்தார்கள். அந்த வழக்கம் இருபதாம் நூற்றாண்டு வரை இருந்தது. வயலில் உதிர்ந்து கிடக்கும் அந்தச் சில்லுகள் பழகாத கண்ணுக்குப் புதிய கற்காலக் கருவிகளாகவே தோன்றும். அப்புறம், வேண்டுமென்றே செய்த போலிகளும் உண்டு. ‘ஃபிளின்ட் ஜாக்’ என்று அழைக்கப்பட்ட எட்வர்ட் சிம்ப்சன் அம்புமுனைகளைச் செய்து அருங்காட்சியகங்களுக்கே விற்றார். 1862இல் லண்டனில் புவியியலாளர்கள் கூட்டத்தில் அவற்றைச் செய்து காட்டவும் செய்தார்.

கல்லின் மேல் படியும் படலம் இங்கே ஓரளவு கைகொடுக்கும். சுண்ண மண்ணில் நீண்ட காலம் கிடந்த கருநிறக் கல் வெளுத்து நீலம் கலந்த வெள்ளையாகிவிடும். இரும்புச்சத்துள்ள சரளையில் கிடந்தது தேன் நிறமோ பழுப்போ ஏறும். ஒரே கல்லில் இரண்டு விதமான படலம் இருந்தால், யாரோ ஒருவர் செய்ததைப் பல காலம் கழித்து இன்னொருவர் எடுத்து மறுபடி செதுக்கியிருக்கிறார் என்று பொருள். ஆனால் படலத்தின் தடிமனை வைத்து வயது கணக்கிட முடியாது. மண்ணுக்கு மண் வேகம் மாறும். வெளுத்த கல் என்பதாலேயே அதைப் பழையது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

அம்புமுனைகள்

கற்காலம் என்றாலே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அம்புமுனை. உண்மையில் ஒரு குடியிருப்பில் கிடைக்கும் கற்களில் மிகப் பெரும்பகுதி கழிவுச் சில்லுகள்தான், அம்புமுனை அரிது. கைக்கு அடங்கிய, கூரான எதையும் அம்புமுனை என்று சொல்லிவிடும் பழக்கமும் இருக்கிறது. வட அமெரிக்காவின் புகழ்பெற்ற குளோவிஸ் முனைகள் சுமார் 13,000 ஆண்டு பழமையானவை. அவை அம்பில் கட்டப்பட்டவை அல்ல, ஈட்டியில் கட்டப்பட்டவை. அந்தக் கண்டத்தின் பெரும்பகுதியில் வில் பரவியது அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் கழித்துத்தான். எடை, அடிப்பகுதியின் அகலம், தடிமன் ஆகிய மூன்றையும் பார்த்தால் ஒரு முனை மெல்லிய அம்புத்தண்டில் உட்காருமா என்பது தெரிந்துவிடும். நுனியிலிருந்து பின்னோக்கிப் பெயர்ந்த நீளமான தழும்பு இருந்தால், அது எதன்மீதோ பாய்ந்து மோதியிருக்கிறது.

பிரிட்டனில் அம்புமுனைகளின் வடிவம் காலத்தோடு மாறிய விதம் மிகத் தெளிவாக அறியப்பட்டிருக்கிறது. தொடங்குபவர்களுக்கு இது நல்ல பாடம். இடைக் கற்கால மக்கள் ஒரு சில செ.மீ. நீளமேயுள்ள நுண்கற்கருவிகளைப் பிசினால் தண்டில் ஒட்டினார்கள். சுவீடனின் லோஷூல்ட் சதுப்பு நிலத்தில் நுனியில் ஒன்றும் பக்கத்தில் ஒன்றுமாக நுண்கற்கள் ஒட்டிய அம்பே கிடைத்திருக்கிறது. தண்டு மட்கிப்போயிருந்தால் அந்த இரண்டு துணுக்குகளையும் அம்போடு யார் சேர்த்துப் பார்த்திருப்பார்கள்? கி.மு. 4000 வாக்கில் விவசாயத்தோடு இலை வடிவ முனைகள் வருகின்றன. பிறகு நுனியே இல்லாமல், உளி மாதிரி அகன்ற வெட்டு விளிம்புள்ள முனைகள். அதன் பிறகு ஒருபக்கம் சாய்ந்தவை. கி.மு. 2400க்குப் பிறகு இரண்டு பக்கமும் முள்ளும் நடுவில் காம்பும் கொண்ட வடிவம். 2002இல் ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகே ஏம்ஸ்பரியில் தோண்டிய ஒரு கல்லறையில் இந்த வகை முனைகள் ஒரு டஜனுக்கும் மேல் கிடைத்தன. அங்கே புதைக்கப்பட்டவருக்கு ‘ஏம்ஸ்பரி வில்லாளி’ என்ற பெயர் வந்தது அதனால்தான்.

ஆல்ப்ஸ் மலையில் 1991இல் பனிக்குள்ளிருந்து கிடைத்த 5,300 ஆண்டு பழைய மனிதர் ஊட்ஸியின் தூணியில் 14 அம்புகள் இருந்தன. அவற்றில் இரண்டுக்கு மட்டுமே கல்முனை பொருத்தப்பட்டிருந்தது. அவருடைய இடது தோளில் இன்னொருவர் எய்த கல்முனை புதைந்திருந்தது பத்து ஆண்டுகள் கழித்து, 2001இல் எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. அந்த முனையைத் தனியே ஒரு தட்டில் வைத்துப் பாருங்கள்: சிறிய, சாதாரணமான ஒரு கல். தோள் எலும்புக்கு அருகே இருந்ததால் அது ஒரு கொலையின் சாட்சி.

பதிவுதான் சான்று

1797இல் ஜான் ஃப்ரியர் என்பவர் இங்கிலாந்தின் ஹாக்ஸ்ன் ஊர்ச் செங்கல் களிமண் குழியில் கிடைத்த கைக்கோடரிகளைப் பற்றி லண்டன் தொல்பொருள் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கற்களை அனுப்பியதோடு நிறுத்தவில்லை. மேல்மண் இவ்வளவு, களிமண் இவ்வளவு, சிப்பிகள் கலந்த மணல் இவ்வளவு, அதற்குக் கீழே சரளை, அந்தச் சரளையில்தான் கருவிகள் என்று ஒவ்வோர் அடுக்கையும் அளந்து எழுதினார். மொத்தம் சுமார் 12 அடி ஆழம். கடிதம் 1800இல் அச்சானது. யாரும் பொருட்படுத்தவில்லை.

1859 ஏப்ரல் 27 அன்று புவியியலாளர் ஜோசப் பிரெஸ்ட்விச்சும் தொல்லியலாளர் ஜான் எவான்ஸும் பிரான்சின் செயின்ட் அஷூல் சரளைக் குழியில், கைக்கோடரி ஒன்று மண்ணுக்குள்ளேயே இருக்கும்போது அதைப் புகைப்படம் எடுக்க வைத்தார்கள். கல்லை எடுப்பதற்கு முன் எடுத்த படம், அதுதான் முக்கியம். ஊருக்குத் திரும்பியதும் எவான்ஸ் லண்டன் தொல்பொருள் கழகத்தின் கண்ணாடிப் பேழையில் ஃப்ரியரின் கோடரிகளைப் பார்த்தார். ஃப்ரியரின் அளவுகள் அச்சில் இருந்ததால் இருவரும் ஹாக்ஸ்ன் சென்று அந்த அடுக்குகளைச் சரிபார்க்க முடிந்தது. மனிதனின் பழமை பைபிள் கணக்கு சொன்ன ஆறாயிரம் ஆண்டு அல்ல என்பதை அறிவுலகம் ஏற்றது அந்த ஆண்டில்தான். அறுபது ஆண்டுக்கு முன் ஒருவர் பொறுமையாக எழுதிவைத்த நான்கு அடுக்குகளின் கணக்கு அதற்குத் துணை நின்றது.

அமெரிக்காவில் இதே கதை வேறு வடிவில் நடந்தது. நியூ மெக்சிகோவின் ஃபோல்சம் ஊருக்கு அருகே 1908 வெள்ளத்துக்குப் பிறகு ஓடைக்கரையில் பெரிய எலும்புகள் வெளித்தெரிவதை ஜார்ஜ் மெக்ஜங்கின் என்ற கறுப்பினக் கால்நடைப் பண்ணை மேற்பார்வையாளர் கவனித்தார். 1926இல் அங்கே தோண்டிய டென்வர் அருங்காட்சியகக் குழுவுக்குக் கல்முனைகள் கிடைத்தன. ஆனால் அவை இடம் பெயர்ந்த நிலையில் கிடைத்ததால் யாரும் ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு, அழிந்துபோன காட்டெருமை இனம் ஒன்றின் விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு முனை தெரிந்ததும் வேலையை நிறுத்திவிட்டு, தொடாமல் விட்டு, மற்ற ஆய்வாளர்களுக்குத் தந்தி அடித்தார்கள். அவர்கள் வந்து கண்ணால் பார்த்தார்கள். பனியுகத்தின் இறுதியில் அமெரிக்காவில் மனிதர்கள் இருந்தார்கள் என்பது அன்று உறுதியானது. இரண்டு ஆண்டும் கிடைத்தவை ஒரே மாதிரி முனைகள்தான். வித்தியாசம், இரண்டாம் ஆண்டு யாரும் கையை நீட்டவில்லை என்பது மட்டுமே.

அப்படியானால் ஒரு கல்லைக் கண்டால் என்ன செய்வது? மண்ணடுக்கில், கரையில், குழியின் சுவரில் பதிந்திருந்தால் எடுக்கவே கூடாது. படம் எடுங்கள், பக்கத்தில் அளவுகோல் வையுங்கள், அந்தப் பகுதியின் தொல்லியல் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். உழுத நிலத்தில் மேற்பரப்பில் கிடந்தால் நிலைமை வேறு. அடுக்கு ஏற்கெனவே கலைந்துவிட்டது. ஆனால் உழவு பெரும்பாலும் கல்லைச் சில மீட்டர்கள்தான் நகர்த்துகிறது. அதனால் நிலத்தின் எந்த மூலை என்பது இன்னமும் உண்மையான தகவல்தான். எடுப்பதற்கு முன் கைபேசியின் ஜிபிஎஸ் புள்ளியைக் குறித்துக்கொள்ளலாம். திறந்த வெளியில் ஐந்து மீட்டர் அளவுக்குத் துல்லியம் கிடைக்கும். ‘ஆற்றங்கரை வயல்’ என்று எழுதினால் போதாது.

அழகான கருவியை மட்டும் பொறுக்கிக்கொண்டு கழிவுச் சில்லுகளை விட்டுவிடுவதுதான் சேகரிப்பவர்கள் செய்யும் பெரிய சேதம். கழிவுதான் ‘இங்கே உட்கார்ந்து செய்தார்கள்’ என்று சொல்கிறது. இங்கிலாந்தின் பாக்ஸ்குரோவில் சுமார் 5 லட்சம் ஆண்டு பழைய சில்லுகளை ஒன்றோடொன்று பொருத்தி, உடைபடுவதற்கு முன்பிருந்த கல்லையே திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். அங்கே நடந்த வேலையை அடி அடியாகத் தொடர முடிந்தது அதனால்தான். அதேபோல, நடந்து தேடிய நிலத்தில் ஒன்றுமே இல்லை என்றால் அதையும் எழுதிவையுங்கள். எங்கே இல்லை என்பது தெரியாமல், எங்கே இருக்கிறது என்பதற்கு அர்த்தம் கிடையாது.

ஒவ்வொரு கல்லையும் தனிப் பையில் போட்டு, தேதி, இடம், கண்டவர் பெயர் எழுதிய சீட்டை உள்ளே வையுங்கள். ஒரே பையில் குலுங்கினால் விளிம்புகள் ஒன்றையொன்று உடைத்துப் புதிய ‘மறுசெதுக்கல்’ உருவாகிவிடும். கம்பித் தூரிகையும் அமிலமும் வேண்டாம். சோவியத் ஆய்வாளர் செர்கேய் செமியோனோவ் காட்டியதுபோல, தோலில் வேலை செய்த விளிம்பும் எலும்பில் வேலை செய்த விளிம்பும் நுண்ணோக்கியில் வெவ்வேறு விதமாகத் தெரியும். கதிர் அறுத்த கல்லில் மினுமினுப்பு வெறுங்கண்ணுக்கே தெரியும். தேய்த்துக் கழுவினால் அந்தத் தடயங்களோடு ஒட்டியிருக்கும் பிசினும் மாவுத்துகளும் போய்விடும். சேறு மிகுந்தால் வெறும் தண்ணீரில் மெல்ல அலசினால் போதும்.

நீளம், அகலம், தடிமன் மூன்றையும் மி.மீ.இலும் எடையைக் கிராமிலும் குறிக்க வேண்டும். சில்லாக இருந்தால் நீளத்தை அடி விழுந்த திசையில் அளக்க வேண்டும். இரண்டு முகங்களையும் ஒரு பக்கவாட்டையும் படமெடுங்கள். அடிபட்ட முனை கீழே இருக்க, ஒளி இடது மேல் மூலையிலிருந்து சாய்வாக விழட்டும்; தழும்புகள் அப்போதுதான் எழுந்து நிற்கும். கல்லின் நிறம், படலம், உடைபடாத இயற்கையான மேல்தோல் எஞ்சியிருக்கிறதா, புது உடைப்பு உண்டா என்பதையும் சேருங்கள். ‘அம்புமுனை’ என்று நிச்சயமில்லாவிட்டால் அப்படி எழுத வேண்டாம். பார்த்ததை எழுதினால் பின்னால் வருபவர் பெயர் வைத்துக்கொள்வார். வைத்த பெயரை மட்டும் எழுதினால், என்ன பார்த்தீர்கள் என்பது அவருக்குத் தெரியாது.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஸ்காட்லாந்தில் தொல்பொருள் எதுவானாலும் அரசிடம் தெரிவிப்பது கட்டாயம். பக்கத்திலேயே உள்ள இங்கிலாந்தில் தனியாகக் கிடைத்த சிக்கிமுக்கிக் கருவி 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டத்துக்குள் வராது. அங்கே மக்கள் தாமாக முன்வந்து தெரிவிக்க 1997இல் ஒரு தொல்பொருள் பதிவுத் திட்டம் தொடங்கப்பட்டது. இன்று அதன் திறந்த தரவுத்தளத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் இருக்கின்றன; சட்டம் கேட்காமலேயே பதிவான கற்கருவிகளும் அவற்றில் ஏராளம். எந்த நாடானாலும் நில உரிமையாளரின் அனுமதி முதலில் வேண்டும். பாதுகாக்கப்பட்ட தலங்களில் கை வைப்பது குற்றம்.

ஏற்கெனவே வீட்டில் பெட்டி நிறையச் சீட்டில்லாத கற்கள் இருக்கலாம். தாத்தா சேர்த்ததாக இருக்கலாம், சிறு வயதில் பொறுக்கியதாக இருக்கலாம். அவற்றைத் தூக்கிப்போட வேண்டாம், புதிதாக எங்கும் புதைக்கவும் வேண்டாம். நினைவிருப்பவர்கள் இருக்கும்போதே கேட்டு, எந்த ஊர், எந்தக் கரை, எந்த ஆண்டு வாக்கில் என்று தெரிந்ததை எழுதுங்கள். நிச்சயமாகத் தெரிந்ததையும் யூகத்தையும் தனித்தனியே குறியுங்கள். ஊர்ப்பெயர் மட்டும் மிஞ்சினாலும்கூட, அந்த வட்டாரத்தில் இனி தேடப்போகிறவருக்கு எங்கே தொடங்கலாம் என்பதற்கு அது போதும்.